நூறு நாமாவும் நூறு நாமமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில், தென்பெண்ணையின் நீரைப் பெற்று நிற்கும் பெரிய ஏரிக்கு அண்மையில், எம் நண்பர் ஒருவரின் இல்லம் இருக்கிறது. அவர் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். வீட்டில் பேசும் மொழி தக்கினி உருது. தெருவில் பேசும் மொழி தமிழ். தொழிற்சாலையில் கன்னடமும் தெலுங்கும் காதில் விழும். அவருடைய மகள் தமிழ் வழியில் பயில்பவள். பள்ளித் தமிழ் மன்றத்தில் சீறாப்புராணத்தைப் பற்றிப் பேசவும், அதிலிருந்து சில பாடல்களை ஓதவும் அவளைப் பணித்திருந்தார்கள். யாம் அவ்வில்லத்துக்குச் சென்றிருந்த மாலையில் அந்நூல் கூடத்தில் விரிந்து கிடந்தது. ஆனால் வீட்டில் அமைதி இல்லை.

நண்பர் எம்மைக் கண்டதும் தம் மனக்குறையைக் கொட்டினார். "பாய், நீங்களே சொல்லுங்கள். நூலுக்குப் பெயர் புராணம். உள்ளே பார்த்தால் நபியவதாரப் படலம் என்று ஒரு படலம். மலக்குகளை அமரர் என்று எழுதியிருக்கிறார்கள். அவதாரம் என்பது நம் மார்க்கத்துக்கு அடுக்குமா? இதை என் பிள்ளை மேடையேறி ஓதலாமா?"

மகளின் ஐயம் வேறு. "சாச்சா, சுரத்திற் புனலழைத்த படலம் என்று இருக்கிறதே, காய்ச்சல் வந்தபோது தண்ணீர் கேட்டார்களா?" என்றாள் அவள்.

தந்தையின் வினா மார்க்கத்தைப் பற்றியது. மகளின் வினா மொழியைப் பற்றியது. மேலோட்டமாகக் காண்போர்க்கு இரண்டும் வெவ்வேறாகத் தோன்றும். எம் கருத்தில் இரண்டும் ஒன்றே. இருவரும் தமக்குத் தெரிந்த சொல்லினாலேயே இடறியிருக்கிறார்கள். பழைய சமயக் கவிதையை இன்று படிப்போர் அனைவரும் கருத்தில் கொள்ளவேண்டிய உண்மை இதில் அடங்கியிருப்பதால், அதனை ஈண்டுச் சற்று விரித்துக் கூற விழைகிறோம்.

தெரியாத சொல் நமக்குத் தீங்கு செய்வதில்லை. சீறாவின் முதற் காண்டத்தில் பாந்தள் வதைப் படலம் என்று ஒன்றுண்டு. பாந்தள் என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. ஆகவே படிப்பவர் அங்கே நின்றுவிடுகிறார்; அகராதியைத் திறக்கிறார்; பெரும்பாம்பு என்று அறிந்துகொண்டு மேலே செல்கிறார். சுரம் என்ற சொல்லோ அவ்வாறு நிறுத்துவதில்லை. காய்ச்சலைச் சுரம் என்கிறோம். இசையிலும் சுரம் என்கிறோம். எனவே அகராதியைத் தேடும் எண்ணமே எழாது. நீரற்ற பாலை வழிக்குச் சுரம் என்று பெயர் என்பதும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாலையிலே நீர் வரவழைத்த வரலாற்றையே அப்படலம் கூறுகிறது என்பதும் மறைந்துபோகின்றன. தெரியாத சொல் வாயிலில் நிற்கும் காவலன். நம்மை நிறுத்தி, யாரென்று கேட்கிறான். தெரிந்த சொல்லோ வழித்துணைவன் போல் உடன் நடந்து வந்து வேற்றூரில் விட்டுவிடுகிறது.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. உமறுப் புலவர் 1642இல் பிறந்து 1703இல் மறைந்தார் என்பது பலரும் கொண்ட கருத்து. அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1633இல், ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் என்னும் பாதிரியாரின் பக்திப் பாடல்கள் நூலுருப் பெற்றன. உமறுவின் இளமைக் காலத்தில், 1667இல், மில்டனின் பெருங்காப்பியம் வெளிவந்தது. அவற்றை இன்று படிக்கும் ஆங்கிலேயரும் நம் பாரூர்ச் சிறுமி இடறிய விதத்திலேயே இடறுகின்றனர். 'பிரிவென்ட்' என்ற சொல்லுக்கு இன்று தடுத்தல் என்று பொருள். அக்காலச் சமய நூல்களில் முந்திச் செல்லுதல் என்பதும் அதன் பொருள். 'லெட்' என்பதற்கு இன்று விடுதல் என்று பொருள். அன்று தடுத்தல் என்ற நேர்மாறான பொருளும் அதற்கு இருந்தது. 'கோஸ்ட்' என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் பேய். அன்று ஆவி, உயிர், பரிசுத்த ஆவி. 'ஆஃபுல்' என்றால் இன்று மிக மோசமானது. அன்று உள்ளத்தில் பயபக்தியை எழுப்புவது. இப்பொருள் மாற்றம் அறியாதவர், இறைவனைப் போற்றும் அடியை இறைவனைப் பழிக்கும் அடியாகக் கொள்ள நேரும்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தி 1952இல் முழுமையாக வெளியிட்ட அறிஞர்கள், இவ்வாறு பொருள் மாறிப்போன சொற்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை என்று தம் முன்னுரையில் கூறினர். வழக்கொழிந்த சொற்களைக் காட்டிலும் வழக்கில் நின்றுகொண்டே பொருள் மாறியவைதாம் படிப்போரைத் தவறான வழியிற் செலுத்துகின்றன என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம் இலக்கியத்தில் இம்மயக்கம் இருமடங்கு. ஆங்கிலக் கவிஞர்க்குப் பெரும்பாலும் ஒரு மொழியின் பழமையே இடர். நம் புலவர்களோ அறபுச் சொல்லையும் பார்சிச் சொல்லையும் தமிழ் ஓசைக்கு இசைவாக்கி அமைத்தவர்கள். அவ்வாறு அமைந்த உரு சில வேளைகளில் ஏற்கெனவே உள்ள தமிழ்ச் சொல் ஒன்றோடு அச்சு மாறாமல் ஒத்துவிடுகிறது.

காட்டாக, நூறு நாமா என்ற நூற்பெயரைக் கேட்ட அளவில் இறைவனின் நூறு திருநாமங்களைக் கூறும் நூல் என்றே எவரும் எண்ணுவர். அங்கே நூறு என்பது எண் அன்று. நூர் என்னும் அறபுச் சொல், ஒளி என்பது அதன் பொருள். நாமா என்பது பெயரன்று. நூல், வரலாறு எனப் பொருள்படும் பார்சிச் சொல். ஒளியின் வரலாறு என்பதே அத்தலைப்பு. 1572இல் மதுரையில் அரங்கேறியதாகக் கூறப்படும் வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலாவைச் சமையற்குறிப்பு என்று எண்ணிய இளைஞரை யாம் அறிவோம். மசலா என்பது மஸ்அலா, வினா. சீறா என்ற பெயரும் அத்தகையதே. இலக்கணம் கற்றவர் அதனைச் சீறாத என்பதன் ஈறு கெட்ட வடிவம் என்று பொருள் கொண்டாலும் கொள்வர். அதுவோ சீறத் என்னும் அறபுச் சொல்லின் தமிழுரு; வாழ்க்கை வரலாறு என்பதே பொருள். புகைறா கண்ட படலத்தில் புகையும் இல்லை. புகாரா நகரமும் இல்லை. பஹீரா என்னும் துறவி, இளம் பருவத்து நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு அவர்களின் பெருமையை உணர்ந்த நிகழ்ச்சியே அங்குள்ளது.

இவ்வுரு மாற்றங்கள் தாறுமாறானவை அல்ல. ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. தமிழில் இல்லாத ஹகரம் பெரும்பாலும் ககரமாகும்; ஃபகரம் பகரமாகும்; ஜகரம் சகரமாகும். அறபு ரகரத்துக்குப் புலவர்கள் பெரிதும் றகரத்தை ஆண்டனர். மெய்யில் முடியும் சொல் உகரம் பெற்று நிற்கும்; உமர் உமறு ஆனதும், கப்ர் கபுறு ஆனதும் இவ்விதியால். சொல்லின் முதலிலுள்ள வகரம் உயிரோடு கலந்து ஒகரமாவதும் உண்டு. தொழுகைக்கு முன் நாம் செய்யும் வுளூவை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒளு என்றுதானே சொல்கிறார்கள்? அதே வழியில் வலி என்னும் சொல் ஒலி ஆயிற்று. பழைய பாடலில் ஒலிகள் என்று வருமிடத்தில் ஓசைகள் என்று பொருள் கொண்டால் பாடல் பாழாகும். அவர்கள் இறைநேசர்கள்.

இதனை யாம் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் முகத்தில் ஒரு மாற்றம் தோன்றியது. "வலியுல்லாவைத்தான் ஒலி என்று எழுதியிருக்கிறார்களா? நாங்கள் வுஜூ என்போம். நீங்கள் ஒளு என்பீர்கள். நாங்கள் ரம்ஜான் என்போம்; நீங்கள் ரமளான் என்பீர்கள்" என்றார். ஆம், ஒரே அறபு எழுத்துப் பார்சி வழியாக உருதுவில் ஒரு விதமாகவும், கடல்வழி வந்த தமிழ் முஸ்லிம் வழக்கில் வேறு விதமாகவும் ஒலிக்கின்றது. அதற்குப்பின் நூலிலிருந்த அறபுச் சொற்கள் பலவற்றை எமக்கு முன்னரே அவர் அடையாளம் கண்டுகொண்டார். சீறா தமக்கு அயலான நூல் என்று எண்ணியிருந்தவருக்கு அதன் ஒரு கதவின் திறவுகோல் தம் கையிலேயே இருப்பது அப்போது தெரிந்தது. மற்றொரு கதவின் திறவுகோல், பள்ளியில் தமிழ் பயிலும் அவர் மகளிடம் இருந்தது.

இனி, நண்பரின் முதல் வினாவுக்கு வருவோம். அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. இறைவன் மனித உருவில் இறங்கி வருகிறான் என்ற கொள்கையை இஸ்லாம் ஏற்பதில்லை. அவதாரம் என்ற சொல் இன்று அக்கொள்கைக்கே உரியதாக நிற்கிறது. ஆகவே ஒரு முஸ்லிம் தந்தை அச்சொல்லைக் கண்டு துணுக்குறுவது இயல்பு. அவருடைய அச்சத்தை அறியாமை என்று இகழ்வோருடன் யாம் உடன்படோம்.

ஆயினும் ஒரு சொல்லின் பொருளை அச்சொல்லை மட்டும் தனியே பிடுங்கி வைத்துக்கொண்டு அறிய முடியாது. அது நிற்கும் இடத்தைக் காணவேண்டும். நபியவதாரப் படலம் எந்தக் காண்டத்தில் உள்ளது? விலாதத்துக் காண்டத்தில். விலாதத்து என்றால் பிறப்பு. இதனை அடுத்தவை நுபுவ்வத்துக் காண்டமும் ஹிஜ்ரத்துக் காண்டமும். நபித்துவமும் நாடு பெயர்தலும். பிறந்தார்கள், நபித்துவம் பெற்றார்கள், மக்காவிலிருந்து மதீனா சென்றார்கள் என்னும் மூன்று நிலைகளில் நூல் அமைந்திருக்கிறது. அவதாரப் படலத்துக்கு முன்னே நிற்பது தலைமுறைப் படலம். நாயகம் (ஸல்) அவர்களின் முன்னோர் மரபை உரைப்பது. பின்னே வருவது அலிமா முலையூட்டுப் படலம். செவிலித்தாய் பாலூட்டிய வரலாறு. முன்னோர் வரிசையில் வந்து, தாய் வயிற்றிற் பிறந்து, செவிலியின் பாலுண்டு வளர்ந்தவராகப் பாடும் புலவர், அவதாரம் என்ற சொல்லால் எதனைக் கருதியிருக்க இயலும்? பிறப்பையே, உயர்ந்தோர் உலகிற்கு வருகை தந்ததையே கருதினார். காண்டத்துக்கு அறபுப் பெயரும் படலத்துக்குத் தமிழ் வழக்குப் பெயருமாக நிற்கும் இந்த வைப்பே அச்சொல்லுக்கு உரையாக இருக்கிறது. அவ்வுரையை விட்டு நம் காலத்துப் பொருளை அவர் மேல் ஏற்றுவது அவருக்கு நாம் செய்யும் அநீதியாகும்.

அமரர் என்பதும் அவ்வாறே. இன்று சுவரொட்டியிலும் நாளிதழிலும் மறைந்தவர் பெயருக்கு முன் அச்சொல்லைக் காண்கிறோம். புலவர் காலத்துச் செய்யுள் வழக்கில் அது வானுலகத்தாரைக் குறித்தது. அவ்வழக்கைக் கொண்டு அவர் மலக்குகளைச் சுட்டினார். "மலக்குகளுக்கும் முடிவு உண்டே; அமரர் என்றால் சாவில்லாதவர் அல்லவா?" என்று நண்பர் மடக்கினார். நல்ல வினா. ஆனால் சொல்லின் வேர் வேறு, வழக்கு வேறு. நம் அன்றாடச் சொற்களையே எண்ணிப் பார்க்கலாம். பள்ளிவாசல் என்கிறோம். பள்ளி என்ற சொல் முன்னொரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்துக்கு வழங்கியது. நோன்பு என்கிறோம், அது எல்லாச் சமயத்தாரும் ஆண்ட சொல். இறைவன் என்ற சொல் பழந்தமிழில் அரசனையும் குறித்தது. இவற்றை நாம் சொல்லும்போது எந்த மயக்கமும் கொள்வதில்லை. நம் முன்னோர் அவற்றுக்கு நம் மார்க்கப் பொருளை ஊட்டி நிலைநிறுத்திவிட்டார்கள். பள்ளியும் நோன்பும் நிலைபெற்றன. மலக்குகளைச் சுட்டிய அமரர் நிலைபெறவில்லை. வேறுபாடு அவ்வளவே. ஒரு சொல் நிலைபெறாமற் போனதற்குப் புலவரின் ஈமானைக் குறை கூறுவது எவ்வாறு பொருந்தும்?

புராணம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று 'புராணம் பாடாதே' என்றால் வெற்றுப் பேச்சு வேண்டா என்பது கருத்து. புராணம் என்பதன் அடிப்பொருள் பழமை, பழைய வரலாறு. பெரியோரின் வரலாற்றைப் பாடும் நூலுக்கு அன்றைய தமிழுலகம் வைத்திருந்த மதிப்புக்குரிய பெயர் அது. சீறா என்னும் அறபுச் சொல்லும் புராணம் என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒரே பொருளை இரு மொழிகளில் உரைத்து அருகருகே நிற்கின்றன.

இவ்வாறு கூறுவதால், அவதாரம் என்ற சொல்லை நாம் இன்று எழுதலாம் என்பது எம் கருத்தன்று. இன்று ஒருவர் நாயகத் திருவாழ்வைப் பற்றிப் புதிதாக எழுதி அதில் அவதாரம் என்று ஆண்டால், அதனை யாமே குறை கூறுவோம். அச்சொல்லின் இன்றைய பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதுபவர் தம் காலத்துப் பொருளுக்குக் கட்டுப்பட்டவர். படிப்பவரோ எழுதியவர் காலத்துப் பொருளுக்குக் கட்டுப்பட்டவர். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே, பழைய நூலைத் திருத்த வேண்டும் என்றும், ஓதாது விலக்க வேண்டும் என்றும் குரல்கள் எழுகின்றன.

திருத்தலாமா? அவதாரத்தை நீக்கிப் பிறப்பு என்றும், அமரரை நீக்கி மலக்குகள் என்றும் பெய்துவிட்டால் என்ன என்று நல்லெண்ணத்துடன் கேட்போர் உண்டு. வழிபாட்டில் ஓதும் மொழிபெயர்ப்பு உரைநடையில் ஆங்கிலேயர் அவ்வாறு சொற்களை மாற்றினர். ஆனால் தம் கவிஞர்களின் பாடல்களில் கைவைத்திலர். பழஞ்சொல்லை அப்படியே நிறுத்திப் பக்கத்தின் அடியிலோ நூலின் ஈற்றிலோ குறிப்பு எழுதினர். விருத்தப்பாவில் ஒரு சொல்லை மாற்றினால் எதுகை கெடும், சீர் சிதையும். அன்றியும், நம் முன்னோர் தமிழில் மார்க்கத்தைச் சொல்ல எவ்வளவு முயன்றார்கள் என்பதற்கான தடமே அழிந்துபோகும். தடத்தை அழித்துவிட்டுப் பயணத்தைப் போற்ற முடியாது.

ஆகவே வேண்டுவது உரை. 1842இல் சீறாவை முதன்முதலில் அச்சேற்றிய புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களும், அதற்கு உரை கண்ட சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அவர்களும், பின்வந்த உரையாசிரியர்களும் நமக்குச் செய்துள்ள தொண்டு பெரிது. ஆயினும் பாடப் பகுதிகளுக்கும் எளிய பதிப்புகளுக்கும் குறிப்பு எழுதுவோரிடம் யாம் காணும் குறை ஒன்றுண்டு. அருஞ்சொற்பொருள் என்று பட்டியல் தருகிறார்கள். அதில் பாந்தள் இருக்கும், புனல் இருக்கும், புரவி இருக்கும். அவதாரம் இராது, அமரர் இராது, ஒலி இராது. அவை எளிய சொற்கள் அல்லவா என்று விட்டுவிடுகிறார்கள். மயக்கமோ அங்கேதான் பிறக்கிறது. அருஞ்சொற்பொருளுக்கு அருகில் எளிய சொற்பொருள் என்றும் ஒரு பட்டியல் இருத்தல் வேண்டும். இச்சொல் உமக்குத் தெரிந்ததுபோல் தோன்றும், ஆனால் இங்கு இதன் பொருள் வேறு என்று ஒரு வரி எழுதினால் ஒரு தந்தையின் அச்சம் நீங்கும். ஒரு பிள்ளையின் ஆர்வம் பிழைக்கும்.

சில இடங்களில் அவ்வொரு வரி இரு பொருளையும் காட்டவேண்டும். மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேடன் வலையில் அகப்பட்ட தாய்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புமளவும் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நின்றார்கள். பிணை என்றால் இன்று நீதிமன்ற ஜாமீன் நினைவுக்கு வரும். அப்பொருள் இங்குப் பொருத்தமே. ஆனால் பெண்மானுக்கும் பிணை என்று பெயர் உண்டு. பிணைக்குப் பிணை நின்ற கருணை அத்தலைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. முதற்பொருள் தெரிந்ததே போதும் என்று கடந்து செல்பவருக்கு இந்த நயம் கிட்டாது.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின்னர், மகள் தான் ஓத எடுத்த பாடல்களை ஒருமுறை ஓதிக் காட்டினாள். நண்பர் குறுக்கிடவில்லை. ஓதும் முன் அவையோர்க்குச் சொல்லவேண்டியது என்று மூன்று சொற்களுக்குப் பொருள் எழுதி வைத்துக்கொள்ளுமாறு மட்டும் கூறினார். அவற்றில் முதலாவது அவதாரம்.

மறுநாள் விடியற்காலையில் அவர் ஓசூருக்குப் பேருந்தேறச் சென்றுவிட்டார். மேசையின் மேல் அவருடைய நாட்குறிப்பிலிருந்து கிழித்த தாள் ஒன்று மகளின் புத்தகத்துக்குள் செருகப்பட்டிருந்தது. ஒலி என்பதற்கு நேரே வலி. ஒளு என்பதற்கு நேரே வுஜூ. நூறு என்பதற்கு நேரே நூர். அதற்குக் கீழே, தாம் கண்டும் விளங்காத ஏழெட்டுச் சொற்களை எழுதி, பொருளுக்கான இடத்தை மகள் நிரப்புவதற்காக வெறுமையாக விட்டிருந்தார்.